லாயம் இல்லாத ஆசான்



சென்ற மாதம் உறவினர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றுவிட்டு, மாலையில் வாலாஜாபாத்–வண்டலூர் நெடுஞ்சாலை வழியே திரும்பிக் கொண்டிருந்தோம். ஒரகடத்தைத் தாண்டிச் சேரப்பணஞ்சேரியை நெருங்கியபோது நம் வண்டி நின்றது. நமக்கு முன்னே சரக்குப் பெட்டி ஏற்றிய லாரிகள் வரிசையாய் நின்றிருந்தன. விபத்தோ என்று அஞ்சி எட்டிப் பார்த்தோம். விபத்து ஒன்றுமில்லை. செம்பழுப்பு நிறக் குதிரை ஒன்றைக் கையில் பிடித்தவாறு ஓர் இளைஞர் சாலையைக் கடந்து கொண்டிருந்தார். நடுச்சாலையில் அது ஒருகணம் தயங்கிற்று. இளைஞர் அதன் கழுத்தைத் தடவி ஏதோ சொன்னார். அது தலையைத் தாழ்த்தி நடந்தது. அவ்வளவு நேரமும் லாரி ஓட்டுநர் எவரும் ஒலி எழுப்பவில்லை என்பது நமக்கு வியப்பாயிருந்தது.

அச்சாலையோரத் தேநீர்க் கடையில் நாம் இறங்கினோம். சற்று நேரத்தில் அதே இளைஞரும் அங்கே வந்தார். குதிரை அவருடையதோ என்று கேட்டோம். "இல்லை ஐயா. குதிரை ஒருவருடையது, லாயம் இன்னொருவருடையது, கற்க வரும் பிள்ளைகள் மற்றவர்களுடையவர்கள். கற்றுக் கொடுப்பது மட்டுமே என்னுடையது" என்றார். குதிரையேற்றப் பயிற்சியாளர் அவர். எந்த நிலையத்திலும் நிலையான ஊழியர் அல்லர். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என இரு சக்கர வண்டியில் சென்று, நடத்தும் வகுப்புக்கு மட்டும் ஊதியம் பெறுகிறவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னவற்றை நம் வாசகக் குடும்பங்கள் அறிய வேண்டும் என்று நினைத்ததால் இம்மாதம் இதை எழுதுகிறோம்.

குதிரைத்திறன் விளையும் சாலை

இச்சாலையின் இருமருங்கிலும் இன்று விளைவது குதிரைத்திறனே எனலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட் நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இவற்றில் பிறக்கும் ஒவ்வொரு வண்டியின் ஆற்றலையும் நாம் குதிரையைக் கொண்டே அளக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தம் நீராவி எந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடானது என்று வாங்குவோருக்கு விளக்க விரும்பினார் ஜேம்ஸ் வாட். அதற்காக அவர் வகுத்த அளவே குதிரைத்திறன். ஏறக்குறைய 76 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றல் அது. நம் இளைஞர்கள் விரும்பி ஓட்டும் 350 சிசி மோட்டார் சைக்கிளுக்கு அத்தகைய ஆற்றல் இருபது. பெரிய லாரிக்குச் சில நூறு.

ஆயினும் எந்திரக் குதிரைக்கும் உயிர்க் குதிரைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இளைஞர் நமக்கு எளிதாய் விளக்கினார். "மோட்டார் சைக்கிளுக்கு நேற்று இரவு வயிறு வலித்ததா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. குதிரையிடம் நான் தினமும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. அதன் இரைப்பையோ உடலின் அளவுக்குச் சிறியது. ஆகவே தீனி மாறினாலும், நீர் குறைந்தாலும், பட்டினிக்குப் பின் ஒரே வேளையில் மிகுதியாகத் தின்றாலும் வயிற்றுவலி கண்டு சில மணி நேரத்தில் உயிரிழக்கக் கூடும். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள அவ்விலங்குக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் நீர் வேண்டும்; நம் சித்திரை வெயிலில் அதற்கும் மேல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைச் சரிபார்க்க வேண்டும். அதன் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஏறத்தாழ எல்லாப் பக்கமும் பார்க்கும். ஆனால் தன் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பது அதற்குத் தெரியாது. பின்புறமாய் ஓடிவரும் குழந்தையை அது உதைப்பது கோபத்தால் அன்று, அச்சத்தால்.

அறிந்தவன் இல்லாத நாடு

இந்த அறிவு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. குதிரையின் பக்கத்தில் நிற்கும் மனிதனிடம் இருக்க வேண்டும். இதை நம் நாட்டு வரலாறே உணர்த்துகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இங்கு நடந்த குதிரை வாணிகத்தைப் பற்றி எழுதியுள்ளார். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாய்க் குதிரைகள் வந்து இறங்கின. அரசர் ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்டவற்றை விலைக்கு வாங்கினார். ஆண்டு முடிவிலோ நூறுகூட எஞ்சுவதில்லை. குதிரைகளைப் பேணும் முறை அறிந்தவர் இங்கு இல்லை என்பதே அவர் கூறும் காரணம். லாடம் அடிக்கவும் குதிரைக்கு மருத்துவம் செய்யவும் தெரிந்தவர்கள் இந்நாட்டுக்குப் போகாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார். குதிரைகள் மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கியவர்கள் அதனை அறிந்த மனிதருக்குக் கொடுக்கத் தவறினார்கள். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் இப்போதும் அதே தவற்றைச் சற்று வேறு விதமாய் நாம் செய்து கொண்டிருக்கிறோமோ என்று அந்த இளைஞரின் கதையைக் கேட்டபின் நமக்குத் தோன்றியது.

நான்கு மணி நேரப் பிழைப்பு

அவருடைய தந்தையார் பந்தயக் குதிரை லாயமொன்றில் குதிரைகளைப் பேணியவர். மூத்த மகன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். இளையவரான இவரும் ஓராண்டு ஒப்பந்தக் கூலியாய் அங்கே வேலை செய்துவிட்டு, மனம் ஒட்டாமல், தந்தையின் வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். வேலையில் அவருக்கு மகிழ்ச்சி உண்டு. வருவாய்தான் நிலையில்லை.

கணக்கைப் பாருங்கள். நம் வெயிலில் காலை எட்டு, எட்டரைக்குப் பின் குதிரைமேல் ஏறலாகாது. மனிதனைப் போலவே குதிரையும் உடலெங்கும் வியர்க்கும் விலங்கு. நீரும் உப்பும் இழந்து சோர்ந்துவிடும். மாலையில் நாலரைக்குப் பின்னரே மீண்டும் தொடங்கலாம். இருட்டுமுன் முடிக்க வேண்டும். ஆக நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே அவருடைய பிழைப்புக்கு உரிய நேரம். அந்த நான்கு மணி நேரத்திலும் ஒரே குதிரையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஏறுபவரின் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் வரம்பு. உடல் பருத்த தந்தையார் ஒருவர் தாமும் ஏறிப் பார்க்க விரும்பும்போது அதை எடுத்துச் சொல்லி மறுப்பதும் அவர் தலையில்தான் விழுகிறது.

ஆண்டுக் கணக்கு இன்னும் கடினமானது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து பயிற்சித் திடல் சேறாகிவிடும். சேற்றில் குதிரை வழுக்கினால் அதன் காலும் போகும், பிள்ளையின் காலும் போகும். மாசி, பங்குனியில் தேர்வுகள், பிள்ளைகள் வருவதில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டு, பிள்ளைகள் கூட்டமாய் வரும் சித்திரை, வைகாசியிலோ வெயில் குதிரையைக் கொல்லும். மாணவர் உள்ளபோது காலம் சரியில்லை. காலம் சரியானபோது மாணவர் இல்லை. வகுப்பு நடக்காத நாளில் ஊதியமும் இல்லை.

இவற்றோடு இடமும் நிலையில்லை. இன்று குதிரை கட்டியிருக்கும் தோட்டம் நாளை வீட்டுமனையாகவோ சரக்குக் கிடங்காகவோ ஆகலாம். தமிழ்நாட்டில் குதிரைகளுக்கு நெடுங்காலம் தாயகமாயிருந்த இடங்களே மாறிவிட்டன. 2024 ஜூனில் உதகை பந்தயத் திடலையும், அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியில் சுமார் 160 ஏக்கர் பந்தயத் திடலையும் அரசு கையகப்படுத்தியது. குத்தகைப் பாக்கி பற்றிய நெடுநாள் வழக்கு அது. அதன் நியாயங்களை இங்கு ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் பந்தயத்திலிருந்து இளவயதிலேயே ஓய்வு பெறும் குதிரைகள்தாம் பெரும்பாலும் பயிற்சி நிலையங்களுக்கு வருகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். குதிரை 25, 30 ஆண்டுகள் வாழும். பந்தய வாழ்வு முடிந்தபின் எஞ்சிய பல ஆண்டுகள் அது எங்கே, யார் கையில் வாழ்வது? வேகமாய் ஓடுவதற்கே பழக்கப்பட்ட அதனைப் பத்து வயதுப் பிள்ளையைச் சுமந்து மெல்ல நடக்கக் கற்பிக்கும் பொறுமையான வேலைக்குப் பல மாதங்கள் ஆகும். அதற்குத் தனி ஊதியம் தருவார் அரிது.

வேண்டாம் என்ற ஒரு சொல்

மழையும் வெயிலும் கிடக்கட்டும். இத்தொழிலில் மிகக் கடினமானது எது என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார்.

ஒரு பண்ணை வீட்டில் அவர் வாரம் மூன்று நாள் கற்பித்து வந்தார். ஒருநாள் ஒரு சிறுமியின் பிறந்த நாள். பெற்றோரும் சுற்றத்தாரும் புகைப்படக்காரரும் வந்திருந்தார்கள். குழந்தை குதிரைமேல் வலம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. குதிரையை நடத்திப் பார்த்தபோது முன்னங்காலை ஊன்றுவதில் மிகச் சிறிய தயக்கம் இருப்பதைக் கண்டார். குளம்பைத் தொட்டார், சூடாயிருந்தது. "இன்று வேண்டாம்" என்றார். உரிமையாளர் அரை மணி நேரந்தானே என்றார். குழந்தையின் தந்தை, இவ்வளவு பேரை அழைத்து வந்தபின் இதென்ன பேச்சு என்று சினந்தார். இவர் மீண்டும் "வேண்டாம்" என்றார். மறுநாள் முதல் தாம் அங்கு வரவேண்டியதில்லை என்ற செய்தி அன்றிரவே வந்துவிட்டது. மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு சொல்லோடு போயிற்று.

"குழந்தைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டோம்.

"ஒன்றும் ஆகவில்லை ஐயா. வேறு குதிரை கொண்டுவந்து ஏற்றினார்களாம். விழுந்திருந்தால் நான் சொன்னது சரி என்பார்கள். விழவில்லை, ஆகவே நான் வீம்புக்காரன். நடக்காமல் தடுத்த விபத்துக்குச் சாட்சி எங்கே இருக்கிறது?" என்றார்.

பிறகு தம் தமையனாரைப் பற்றிச் சொன்னார். "அண்ணன் வேலை செய்யும் இடத்தில் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்தென்று தோன்றினால் அழுத்தலாம், வேலை நின்றுவிடும். அன்றைய கூலி குறையாது. எனக்கும் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் நான் அழுத்தினால் என் அடுப்பு அணைந்துவிடும்."

வாசகர்களே, இச்சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. குதிரையேற்ற ஆசானின் உயர்ந்த கடமை கடிவாளம் பிடிக்கவும் அங்கவடியில் கால் வைக்கவும் கற்றுத் தருவது மட்டுமன்று. வேண்டாம் என்று சொல்லவேண்டிய நாளில் சொல்வதே. குதிரை பேசாது, குழந்தைக்குத் தெரியாது, இருவருக்காகவும் பேசக் கூடியவர் அவர் ஒருவரே. அவரோ எவரை மறுக்க வேண்டுமோ அவரிடமே கூலி பெற்று உண்ண வேண்டிய நிலையில் இருக்கிறார்.

விழுந்தால் யார் தாங்குவார்?

இரண்டாண்டுகளுக்கு முன் அவரும் விழுந்திருக்கிறார். அருகில் வெடித்த பட்டாசுக்கு மிரண்ட இளங்குதிரை தள்ளியதில் தோளெலும்பு முறிந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் வேலையில்லை. தமையனாருக்கு அடிபட்டிருந்தால் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சையும் கூலியின் பெரும்பகுதியும் கிடைத்திருக்கும். இவருக்கோ, மனைவியின் கைவளையல்கள் அடகுக்குப் போயின. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே சாலையில் உழைப்பவர்கள். ஒருவர் விழுந்தால் தாங்குவதற்குச் சட்டம் இருக்கிறது, மற்றவர் விழுந்தால் வளையல்தான் இருக்கிறது.

ஆயினும் முற்றிலும் வழியில்லை என்று சொல்லவியலாது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக நடுவண் அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் இத்தகையோர் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். 2015 முதல் நடைமுறையிலுள்ள பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில், வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனமுற்றாலோ இரண்டு லட்சம் ரூபாயும், நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சமும் கிடைக்கும். எலும்பு முறிந்து சில வாரம் வீட்டிலிருப்போருக்கு இதனால் பயனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குத் தனியார் விபத்துக் காப்பீடு ஒன்றும் தேவை. நாம் கேட்டபோது அந்த இளைஞர் இவற்றில் எதிலும் சேர்ந்திருக்கவில்லை. குதிரைக்கு ரணஜன்னித் தடுப்பூசி போட்ட தேதியை நினைவில் வைத்திருந்தவர், தாம் அதனைப் போட்டுக்கொண்ட தேதியை மறந்திருந்தார். நம் உழைப்பாளர் பலரின் இயல்பு இது.

பதக்கத்தின் பின்னால்

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டுக் குதிரையேற்றக் குழுவினர் நால்வர் தங்கம் வென்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். 1982 தில்லிப் போட்டிக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடம் பெற்ற பெங்களூரு வீரர் ஃபவாத் மிர்சாவையும் போற்றினோம். இவர்கள் ஐரோப்பாவில் பல ஆண்டுகள் தங்கிப் பயின்றவர்கள் என்பதையும் நாளேடுகள் எழுதின. உள்நாட்டில் ஏன் அவ்வளவு கற்க இயலவில்லை என்ற கேள்விக்கு, குதிரையும் திடலும் போதவில்லை என்பது ஒரு பகுதி விடை. மறு பகுதி ஆசான்களைப் பற்றியது. 1982-இல் வென்ற ரகுபீர் சிங் போன்றோர் படைத்துறையில் உருவானவர்கள். அங்கே பயிற்றுநருக்குப் பதவியும் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. ஊர்தோறும் வகுப்புக்கு வகுப்பு ஊதியம் வாங்கும் ஆசானுக்கு அவை ஒன்றுமில்லை. அத்தகையவர் தம் மகனை இத்தொழிலுக்கு அனுப்புவாரா? நாம் சந்தித்த இளைஞரிடம் கேட்டோம். "அவனுக்குக் குதிரை பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பெற்றோரின் பங்கு

நம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் குதிரையேற்றம் கற்கும் பிள்ளைகள் இல்லை. செலவு மிகுந்த கலை அது. ஆயினும் கோடை விடுமுறையில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பும் வழக்கம் இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் பரவி வருகிறது. அனுப்பும் பெற்றோருக்கு மூன்று சொல்ல விரும்புகிறோம்.

ஒன்று: லாயத்துக்குப் போனதும் குதிரையின் உயரத்தையும் அழகையும் பாராட்டுமுன், பிள்ளையின் தலைக்கு ஏற்ற தலைக்கவசம் உண்டா, குதிரைக்கு நிழலும் நீரும் உண்டா, கற்றுத்தருபவர் எத்தனை ஆண்டு குதிரைகளோடு பழகியவர் என்று கேளுங்கள்.

இரண்டு: பயிற்சிக் கட்டணத்தை மாதக் கணக்கில் கொடுங்கள். மழையாலோ குதிரைக்கு ஓய்வு தேவைப்பட்டதாலோ ஏறாத நாளையும் வகுப்பாகவே எண்ணுங்கள். அந்நாளில் பிள்ளை குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டவும், குளம்பைச் சுத்தம் செய்யவும், சேணத்தைத் துடைத்து வைக்கவும் கற்கட்டும். அதுவும் குதிரையேற்றமே. ஏறுவதற்குமுன் தொண்டு செய்யக் கற்ற பிள்ளை, ஏறியபின் செருக்கடையாது.

மூன்று: ஆசான் "இன்று வேண்டாம்" என்றால் அவர் பக்கம் நில்லுங்கள். உரிமையாளர் வற்புறுத்தினாலும், பிள்ளை அழுதாலும், உறவினர் காத்திருந்தாலும் நில்லுங்கள். முடியுமானால் அன்று அவருக்கு நன்றியும் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த பணத்துக்கு அவர் தந்த மிக விலையுயர்ந்த பாடம் அதுவாக இருக்கக் கூடும்.

குதிரை வைத்து நிலையம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஓடாத நாளிலும் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வைக்கிறீர்கள். அதனைப் பேணுகிறவருக்கும் அவ்வாறே ஓர் அடிப்படைத் தொகை வைக்கலாகாதா? உடன்பாட்டை ஒரு தாளில் எழுதி, குதிரையின் உடல்நலம் பற்றிய இறுதிச் சொல் ஆசானுடையது என்று அதில் ஒரு வரி சேர்க்கலாகாதா?

நாம் விடைபெறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தொழிற்சாலைப் பேருந்துகள் மாலைப் பணிமுறைக்கு ஆட்களை ஏற்றிச் சென்றன. அவற்றுள் ஒன்றில் தம் தமையனார் போகிறார் என்று அந்த இளைஞர் கையசைத்தார். பின்பு தம் வண்டியைக் கிளப்பாமல் மீண்டும் லாயத்தின் பக்கம் நடந்தார். ஏன் என்று கேட்டோம். "மாலையில் அது தண்ணீர் குறைவாகக் குடித்தது. ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றார். அந்த நேரத்துக்கு அவருக்கு ஊதியம் கொடுப்பவர் எவருமில்லை.